மாம்பழத்துக்குள் புழு எப்படிப் போச்சு? மருந்தடிக்காமல் பழ ஈயை அடக்கும் வழிகள்

ஆனி மாதம் வரும் நீலம் மாம்பழம். தோல் பளபளவென்று இருக்கும். ஓர் ஓட்டை, ஒரு கீறல் கண்ணில் படாது. ஆசையாக நறுக்கினால் கொட்டையை ஒட்டி வெள்ளை வெள்ளையாக நெளியும். அதோடு அந்த வருடத்து மாம்பழ ஆசையே பலருக்குப் போய்விடும். "வெளியே ஓட்டையே இல்லையே, புழு எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்காத வீடு இருக்காது. "பூவிலேயே இருந்திருக்கும்" என்பார் ஒருவர். "மழை பெய்தால் தானா வைக்கும்" என்பார் இன்னொருவர்.

பூவுக்கும் இந்தப் புழுவுக்கும் சம்பந்தமே இல்லை. மழைக்குக் கொஞ்சம் சம்பந்தம் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். இந்த வேலையைச் செய்வது ஓர் ஈ. பழ ஈ என்பார்கள். அறிவியல் பெயர் பேக்ட்ரோசெரா டார்சாலிஸ். சமையலறையில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் கடுகு போன்ற பூச்சியை இதுவென்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, அதனால் மரத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. இது வீட்டு ஈ அளவுக்கு, சில சமயம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். பார்த்தால் சின்னக் குளவி மாதிரி தெரியும். முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள், கண்ணாடி போன்ற இறக்கை, பெண் ஈக்கு வால் பக்கம் ஊசி போல ஒரு முனை.

அந்த ஊசிதான் விஷயமே. முற்றி, பழுக்கத் தொடங்கும் காயாகப் பார்த்து உட்கார்ந்து, தோலுக்கு அடியில் குத்தி முட்டைகளை வைத்துவிட்டுப் போய்விடும். குத்திய இடம் குண்டூசி முனை அளவுதான். உற்றுப் பார்த்தால் ஒரு சொட்டுப் பால் கசிந்து காய்ந்திருக்கும், அல்லது சின்னதாக ஒரு கரும்புள்ளி தெரியும். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். தோல் அப்படியே இருக்கும், உள்ளே கூழாகிவிடும். பழம் காம்பை விட்டு விழும். புழு வெளியே வந்து, உடம்பைச் சுருட்டித் துள்ளித் துள்ளி நகர்ந்து, ஓரிரு அங்குல ஆழத்துக்கு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். பத்து நாள் போல அங்கே இருந்துவிட்டு ஈயாக எழும்பும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரைக்கும் வெயில் காலத்தில் மூன்று, நான்கு வாரம் போதும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேலும் வைக்கும்.

மழைக்கு என்ன தொடர்பு என்றால், மண் ஈரமாக இருந்தால் கூட்டுப்புழு காய்ந்து சாகாது. கூடவே, சீசன் ஆரம்பத்தில் நாலு ஈ இருந்த தோப்பில் கடைசியில் நாலாயிரம் இருக்கும். அதனால்தான் சித்திரையில் வரும் பழம் பெரும்பாலும் தப்பிக்கிறது, ஆனியில் வரும் நீலம் மாட்டிக்கொள்கிறது. ரகத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

புழு வேறு, வண்டு வேறு

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். சதையில் வெள்ளைப் புழு இருந்தால் அது பழ ஈ. சதை நன்றாக இருந்து, கொட்டையைப் பிளந்தால் உள்ளே கறுப்பாக ஒரு வண்டு உட்கார்ந்திருந்தால் அது மாங்கொட்டை வண்டு. இந்த வண்டு பிஞ்சிலேயே முட்டை வைக்கும். குஞ்சு கொட்டைக்குள் போய்விடும், போன வழியும் மூடிக்கொள்ளும். வருடத்துக்கு ஒரே ஒரு தலைமுறைதான். பழம் முடிந்ததும் மரப்பட்டை இடுக்கில் ஒளிந்து அடுத்த பூவுக்குக் காத்திருக்கும். தின்ற கொட்டைகளை மரத்தடியில் வீசாமல் அப்புறப்படுத்தினால் இதைப் பாதி குறைத்துவிடலாம். இனி நாம் பேசப்போவது ஈயைப் பற்றி மட்டும்.

தெரியாமல் ஒரு புழுவை விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, பொதுவாக உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது, அந்தப் புழுவுக்குப் பயந்து பழத்தின் மேல் தெளிக்கப்படும் மருந்துக்குத்தான்.

மருந்தடித்தால் ஏன் சாவதில்லை?

யோசித்துப் பாருங்கள். முட்டை தோலுக்கு அடியில். புழு சதைக்கு நடுவில். கூட்டுப்புழு மண்ணுக்குள். நாம் தெளிக்கும் மருந்து படுவது இலை மேலும் தோல் மேலும். பழ ஈயின் வாழ்க்கையில் பெரும்பகுதி மருந்து எட்டாத இடத்தில்தான் கழிகிறது. வெளியே பறக்கும் ஈயை மட்டும் கொல்லலாம். அதுவும் இன்றைக்குக் கொன்றால் நாளைக்குப் பக்கத்துத் தோப்பிலிருந்து வேறு வரும்.

இதைவிடக் கொடுமை, ஈ வருவது அறுவடை நேரத்தில். அதாவது மருந்தடிக்கவே கூடாத நேரத்தில். பழத்தைப் பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது அடித்த மருந்து எங்கே போகும்? சந்தைக்குப் போய், நம் வீட்டுத் தட்டுக்கு வந்து, குழந்தையின் வாய்க்குத்தான் போகும். மாம்பழத்தையாவது தோல் சீவிச் சாப்பிடுவோம். கொய்யாவை? கடித்துத்தானே சாப்பிடுகிறோம்.

பணத்தோடும் இது சம்பந்தப்பட்டது. இந்திய மாம்பழங்களை ஜப்பான் 1986 முதல் 2006 வரை இருபது வருடம் வாங்காமல் இருந்ததற்குப் பழ ஈ பயம்தான் காரணம். 2014 மே 1-ஆம் தேதி முதல் ஐரோப்பிய ஒன்றியமும் மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் சேர்த்துத் தடை போட்டது. அதற்கு முந்தைய வருடம் இந்தியாவிலிருந்து போன காய்கனிகளில் 207 சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகளைக் கண்டுபிடித்ததாகக் காரணம் சொன்னார்கள். மாம்பழத்துக்கான தடை 2015 தொடக்கத்தில்தான் நீங்கியது. இப்போது வெளிநாடு போகும் பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் மூழ்க வைத்து முட்டையையும் புழுவையும் சாகடிக்கிறார்கள். அதற்கென்று கூடங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ ஐம்பது மரம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி எங்கே? வியாபாரி கூடையைக் கொட்டி நாலு பழத்தை அழுத்திப் பார்த்து விலையைக் குறைக்கும்போது, இந்த ஈயால் ஆகும் நஷ்டம் மொத்தமும் அவர் தலையில்தான் விழுகிறது.

முதல் வேலை: குனிந்து பொறுக்குவது

பொறி, கவர்ச்சி மருந்து, வேப்பெண்ணெய் எல்லாம் அப்புறம். ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள்.

சொல்லும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள். விழுந்த ஒரு பழத்தில் பத்து, ஐம்பது புழு, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். பழம் விழுந்த பிறகு புழு உடனே வெளியேறிவிடாது, சில நாள் உள்ளேயே இருந்து தின்னும். அந்தச் சில நாள்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். மண்ணுக்குள் போய்விட்டால் அதைத் தேட முடியாது. ஈயாகிப் பறந்துவிட்டால் பிடிக்க முடியாது. பழத்துக்குள் இருக்கும்போது மட்டும் ஐம்பதையும் ஒரே கையால் தூக்கலாம்.

பொறுக்கியதை என்ன செய்வது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வேலி ஓரம் வீசினால் புழு அங்கேயே மண்ணுக்குள் போகும். உரக்குழியில் போட்டால் இன்னும் வசதி, நல்ல ஈரம், நல்ல கதகதப்பு. மாடித் தோட்டக்காரர்கள் ஆசையாக வைத்திருக்கும் கம்போஸ்ட் தொட்டி பழ ஈ பண்ணையாக மாறுவது இப்படித்தான். அரை அடி குழி தோண்டிப் புதைத்தாலும் பிரயோஜனம் இல்லை, ஈ மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். புதைப்பதென்றால் இரண்டு அடிக்குக் குறையாமல் ஆழம் வேண்டும், மேலே மண்ணை மிதித்து இறுக்க வேண்டும்.

இதைவிடச் சுலபம், தடிமனான கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் ஒன்றிரண்டு வாரம் போட்டுவிடுவது. உள்ளே வெந்து எல்லாம் செத்துவிடும். பிறகு தாராளமாக உரக்குழிக்குப் போகலாம். வெயில் இல்லாத வீடு என்றால் மூடி போட்ட வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊற வையுங்கள். நாற்றம் வரும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆடு மாடு இருந்தால் பொறுக்கிய கையோடு தீவனத்தொட்டியில் போட்டுவிடலாம்.

ஹவாய்த் தீவுகளில் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். விழுந்த பழத்தையெல்லாம் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் கொட்டுகிறார்கள். கூடாரத்தின் மேலே வலை. வலையின் கண் அளவு பழ ஈ வெளியே போக முடியாதபடி இருக்கும். ஆனால் பழ ஈயின் முட்டையிலும் புழுவிலும் தன் முட்டையை வைத்து வளரும் குட்டிக் குளவிகள் அதன் வழியே வெளியேறிவிடும். எதிரி உள்ளே மாட்டிச் சாகும், நண்பன் தோட்டத்துக்குத் திரும்பி வேலையைத் தொடரும்.

மரத்தடி மண்ணைக் கிளறிவிடுவதும் நல்லது. அறுவடை முடிந்ததும் மேல் மண்ணை மூன்று, நான்கு அங்குலம் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், எறும்பும் மைனாவும் பொறுக்கும். நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்குக் கொத்துகிற வேலைகூட மிச்சம்.

ஒரு கொசு எண்ணெய் காட்டிக்கொடுத்த ரகசியம்

இப்போது பொறிக்கு வருவோம். மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு சின்ன மரக்கட்டை தொங்கும். அதில் ஊறியிருப்பது மெத்தில் யூஜினால் என்கிற வாசனைப் பொருள். இந்த வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் கிறுக்குப் பிடித்த மாதிரி வரும். வந்து தின்றதும், கட்டையில் சேர்த்திருக்கும் மருந்தால் டப்பாவுக்குள்ளேயே விழுந்து சாகும்.

இதைக் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். பீகாரில் பூசா என்கிற ஊரில் அப்போது விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்தது (1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமானதும் டெல்லிக்கு இடம் மாறி, ஊர்ப் பெயரையும் கூடவே எடுத்துப்போனது இதுதான்). அங்கே ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் வேலை பார்த்தார். கொசு வராமல் இருக்கப் பூசும் சிட்ரொனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் மொய்ப்பது அவர் கவனத்துக்கு வந்தது. கொசுவை விரட்டும் எண்ணெய் ஈயை ஏன் கூப்பிடுகிறது? வந்த ஈக்களைப் பார்த்தால் எல்லாமே ஆண்! 1912-இல் இதைப் பற்றி எழுதினார். அந்த எண்ணெயில் இருக்கும் எந்தப் பொருள் இழுக்கிறது என்று தேடி, சில வருடங்களில் மெத்தில் யூஜினாலில் வந்து நின்றார். இன்று உலகம் முழுக்க மாந்தோப்புகளில் தொங்கும் டப்பாவுக்கு விதை அங்கே விழுந்ததுதான்.

நம் துளசியிலும் இந்தப் பொருள் இருக்கிறது. கடையில் பொறி கிடைக்காதவர்கள் துளசியை வைத்தே செய்து பார்க்கலாம். 20 கிராம் துளசி இலையை நசுக்கி, சக்கையோடு 100 மில்லி தண்ணீரில் கலந்து, சீக்கிரம் கெடாமல் இருக்க மளிகைக்கடை எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை போட்டு, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். ஈ உட்கார்ந்தால் முங்கிவிடும். கொட்டாங்கச்சியிலோ வெட்டிய பாட்டிலிலோ ஊற்றி மரத்துக்கு நாலு இடத்தில் தொங்கவிடலாம். கடைப் பொறி அளவுக்கு வீரியம் இருக்காது, சில நாளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். ஆனால் காசு இல்லை.

வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. பழ ஈப் பொறி என்று கேட்டால் கடைக்காரர் இரண்டு விதமான கட்டையில் ஏதோ ஒன்றைத் தருவார். மா, கொய்யா, சப்போட்டா மாதிரி பழ மரங்களுக்கு மெத்தில் யூஜினால். பாகல், புடலை, பூசணி மாதிரி கொடிக்காய்களுக்கு வருவது வேறு ஜாதி ஈ, அதற்குக் கியூலூர் என்ற வேறு வாசனை. மாமரத்தில் கியூலூரைத் தொங்கவிட்டு, "ஒரு ஈகூட விழலை, எல்லாம் ஏமாத்து வேலை" என்று திட்டுவதில் பயனில்லை. பாக்கெட்டில் பெயரைப் படித்து வாங்குங்கள்.

காய் கோழி முட்டை அளவு வரும்போதே மாட்டிவிட வேண்டும். பழத்தில் புழுவைப் பார்த்த பிறகு மாட்டினால் திருடன் போன பிறகு பூட்டு வாங்குகிற கதைதான். வீட்டில் ஒரு மரம் என்றால் ஒரு பொறி போதும். தோப்பு என்றால் ஏக்கருக்குப் பத்து. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கிளை நிழலில், நேர் வெயில் படாமல் கட்டுங்கள். கட்டையில் பூச்சிமருந்து இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். "மருந்தில்லாத முறை என்றீர்களே?" என்று கேட்பது புரிகிறது. இந்த மருந்து சில துளிதான், டப்பாவுக்கு வெளியே வராது, பழத்தையும் தொடாது. மரம் முழுக்க டேங்க் டேங்காக அடிப்பதோடு இதை ஒப்பிட முடியாது. அதுவும் வேண்டாம் என்பவர்களுக்குத் துளசிக் கரைசல் இருக்கிறது.

வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து விழுந்த ஈக்களை எண்ணி, சுவரில் தொங்கும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். கொல்வதைவிட இந்தக் கணக்கு பெரிய உபயோகம். போன வாரம் பதினைந்து, இந்த வாரம் அறுபது என்றால் கூட்டம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். காத்திருக்காமல் முற்றிய காய்களைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைத்துவிடலாம்.

ஆண் செத்தால் போதுமா?

போதாது. பொறியில் விழுவது ஆண் மட்டும். தப்பிய ஓர் ஆண் பல பெண் ஈக்களோடு சேரும். அதனால் நூற்றுக்கு எண்பது ஆண் செத்தாலும், மிச்சம் இருபதே முட்டைக்கு ஏற்பாடு செய்துவிடும். தவிர, ஏற்கனவே இணை சேர்ந்த பெண் ஈ பக்கத்து வீட்டிலிருந்து பறந்து வந்தால் உங்கள் பொறியை எட்டிக்கூடப் பார்க்காது.

பெண்ணுக்கு வேறு பசி. முட்டை ஊற அதற்குப் புரதச் சத்து வேண்டும். புளித்த வாசனைக்கு வரும். அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, ஒரு கைப்பிடி வெல்லம், அரை ஸ்பூன் பேக்கரி ஈஸ்ட், ஒரு டம்ளர் தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து இரண்டு நாள் புளிக்கவிட்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தொங்கவிடுங்கள். ஆண், பெண் இரண்டும் விழும். கண்ட பூச்சியும் சேர்ந்து விழும் என்பது இதன் குறை. தேன் மட்டும் சேர்க்காதீர்கள், தேனீ வந்து சாகும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

பசிபிக் கடலில் ரோட்டா என்று ஒரு சின்னத் தீவு. அறுபதுகளில் அங்கே மெத்தில் யூஜினாலும் மருந்தும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளைத் தீவு முழுக்க விமானத்திலிருந்து போட்டு, 1965-க்குள் இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஆண் பொறி ஒன்றை வைத்தே சாதித்தார்கள். அங்கே முடிந்தது, நம் தோட்டத்தில் ஏன் முடிவதில்லை? அது தீவு. ஒரு மூலை விடாமல் ஒரே நேரத்தில் போட்டார்கள், வெளியிலிருந்து புதிதாக வர வழியில்லை. நம் தெருவில் நீங்கள் மட்டும் பொறி மாட்டினால், பக்கத்து மனையில் யாரும் பறிக்காமல் விழுந்து அழுகும் கொய்யா உங்களுக்கும் சேர்த்து ஈயை வளர்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் ஆளைக் கூட்டுங்கள். தெருவில் மா, கொய்யா வைத்திருக்கும் பத்து வீடு ஒரே வாரத்தில் பொறி மாட்டி, தினமும் பொறுக்கினால் பலன் வேறு மாதிரி இருக்கும். எதிர்வீட்டு அக்காவிடம் "உங்க மரத்துல ஈ வருது" என்று குற்றம் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். ஒரு பொறியை வாங்கிக்கொண்டு போய் மாட்டிக்கொடுங்கள். சாலையோரம் குடை மாதிரி நிற்கும் நாட்டு வாதுமை மரத்தையும் மறக்காதீர்கள். அதன் பழத்திலும் இதே ஈ வளரும், அதை யாரும் தன் மரமாக நினைப்பதில்லை.

காகிதச் சட்டை

வீட்டில் ஒன்றிரண்டு மரம், கைக்கு எட்டும் கிளை என்றால் எல்லாவற்றையும்விட நிச்சயமான வழி, பழத்துக்கு உறை போடுவது. ஈ குத்தவே முடியாது, பேச்சு முடிந்தது. காய் முட்டை அளவு வந்ததும், குத்து விழாத காயாகப் பார்த்து, பழுப்புக் காகிதப் பையையோ நாலாக மடித்து ஒட்டிய செய்தித்தாள் பையையோ மாட்டிக் காம்பில் நூலால் கட்டுங்கள். இரண்டு மூலையில் சின்னதாக வெட்டிவிட்டால் மழைத் தண்ணீர் தேங்காது. வெளிச்சம் குறைவதால் தோல் வெளிர் மஞ்சளாக, கரும்புள்ளி இல்லாமல் வரும். கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள். கொய்யாவுக்கும் இதே முறைதான். அணில், கிளி தொல்லையும் கொஞ்சம் குறையும். நாற்பது அடி மரத்துக்கு இது ஆகாது, சொல்லாமலே தெரியும்.

முசுறு இருந்தால் விரட்டாதீர்கள்

தென் மாவட்டங்களில் முசுறு என்றால் எல்லோருக்கும் தெரியும். இலைகளைச் சேர்த்துப் பந்து மாதிரி கூடு கட்டும் செவ்வெறும்பு. மரம் ஏறினால் பிடுங்கிவிடும் என்பதால் பறிக்கிற ஆள்கள் முதல் வேலையாக அதன் கூட்டைக் கொளுத்துவார்கள். ஆனால் பழத்துக்கு அது காவல்காரன். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் பார்த்தபோது, இந்த எறும்பின் உறவுக்கார இனம் நிறைய இருக்கும் மரங்களில் பழ ஈ சேதம் நன்றாகக் குறைந்திருந்தது. எறும்பு ஈயைப் பிடித்துத் தின்பது கொஞ்சம்தான். அது நடந்த பழத்தில் விட்டுப்போகும் வாசனைக்கே பெண் ஈ பயந்து முட்டை வைக்காமல் போய்விடுகிறது. சீனர்கள் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இந்த எறும்புக் கூட்டைச் சந்தையில் பையோடு வாங்கிவந்து கட்டியதாகக் கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் நூலிலேயே குறிப்பு இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. இனிப்புக் கழிவுக்கு ஆசைப்பட்டு மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் இந்த எறும்பு பாதுகாக்கும். கடியும் கடிதான். பறிக்கும் அன்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கை காலில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறுவதுதான் வழி. என் கணக்கில் லாபம் எறும்பு பக்கம்தான். வாசலில் நிற்கும் மரம், சின்னக் குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நண்பன் பூச்சி என்றதும் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். 2008-இல் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, தெருவோரச் செம்பருத்தி வரை வெள்ளையாகப் போர்த்திவிட்டது. திரும்பத் திரும்ப மருந்தடித்தார்கள். அதன் உடம்பில் மெழுகுப் போர்வை, மருந்து ஒட்டவில்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் செத்தன. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரீகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெங்களூரில் பரிசோதித்து, அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தக் குளவி நம் வயலில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, மருந்தடித்து நாமே கொல்லாத வரை.

பூ நேரத்தில் மட்டும் வேப்பங்கொட்டை

தை, மாசியில் மாம்பூவில் தத்துப்பூச்சி வரும். மரத்தடியில் நின்றால் சடசடவென்று முகத்தில் அடிக்கும், இலை பிசுபிசுவென்று இருக்கும், பிறகு கறுப்புப் படியும். இதற்கும் உடனே ரசாயனத்துக்குப் போக வேண்டாம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்துப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். பூங்கொத்து கிளம்பும்போது ஒருமுறை, பிஞ்சு பிடித்த பிறகு ஒருமுறை. பூ விரிந்திருக்கும் நாட்களில் எதையுமே அடிக்காதீர்கள். மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் தேனீக்குப் பங்கு உண்டு, சாதாரண ஈக்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று மரத்தைக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. மரம் நெருக்கமாக இருந்து உள்ளே வெளிச்சமே போகாவிட்டால் தத்துப்பூச்சிக்குக் கொண்டாட்டம். அறுவடை முடிந்ததும் நடுக்கிளைகள் சிலவற்றை வெட்டிவிட்டு வெயில் இறங்க விடுங்கள்.

ஒன்று கடைசியாக. ஆடியில் மாங்காய் முடிந்ததும் பொறியைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம். ஈ அப்போது எங்கேயும் போய்விடாது. கொய்யாவுக்குப் போகும், சப்போட்டாவுக்குப் போகும், இலந்தைக்குப் போகும், அங்கே சின்னக் கூட்டமாகக் காலம் தள்ளும். அந்த மாதங்களில் தப்பிப் பிழைக்கும் ஒவ்வொரு பெண் ஈயும் அடுத்த சித்திரைக் கூட்டத்துக்கான தாய். எனவே டப்பாவைக் கழுவி, கட்டையை மாற்றி, இந்த முறை கொய்யா மரத்தில் கட்டிவிடுங்கள். காலண்டரில் எண்ணிக்கை எழுதுவதையும் தொடருங்கள். ஐப்பசி மழையில் சில வாரம் பூஜ்ஜியம் என்று வரும். அந்தப் பூஜ்ஜியம் எந்த வாரத்தில் ஒன்றாகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், அடுத்த வருடம் எப்போது உஷாராக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.